பார்வையாளர் மாடம்

நுழையும்முன்

மக்களாட்சியில் சட்டம் இயற்றும் அவையில் பேசும் உரிமை உறுப்பினர்க்கு உரியது. அவர்கள் பேசுவதைக் காணும் உரிமை குடிமக்களுக்கு உரியது. இரண்டாவது உரிமை எளிதாகக் கிடைத்ததன்று. சட்டத்தால் காக்கப்பட்ட அவ்வுரிமை இடையில் ஒருமுறை பறிக்கப்பட்டு, மீண்டும் நிலைநாட்டப்பட்டது. நாடாளுமன்ற விவாதத்தை நேரில் காண்பதன் முறையையும் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

தறியும் சட்டமும்

வைகையின் வடகரையில் அமைந்துள்ள செல்லூர், மதுரை மாநகரின் நெசவுப் பகுதிகளுள் ஒன்று. அங்குக் கைத்தறியும் உண்டு, விசைத்தறியும் உண்டு. இவ்விரு தறிகளுக்கும் இடையே ஓர் எல்லைக்கோட்டை நாடாளுமன்றம் வகுத்துள்ளது. 1985-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கைத்தறி இரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம், சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, சமக்காளம் முதலிய பொருள்களில் குறிப்பிட்ட தன்மை உடையவற்றைக் கைத்தறிக்கு மட்டுமே உரியவையாக்குகிறது. தொடக்கத்தில் 22 வகைகளாக இருந்த இப்பட்டியல் பின்னர் 11 வகைகளாகக் குறைக்கப்பட்டது.

பட்டியலில் ஒரு பொருள் இடம்பெற்றால் கைத்தறி நெசவாளர் மகிழ்வார். அதே பொருள் நீங்கினால் விசைத்தறி வைத்திருப்பவர் மகிழ்வார். இருவரும் ஒரே தெருவில் வாழ்பவராகவும் இருக்கலாம். அவர்தம் வாழ்வைத் தொடும் சட்டமோ, இருப்புப்பாதை வழியே 2,600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள புதுதில்லியில் உருவாகிறது. தமக்காகப் பேசுவோர் என்ன பேசினர், எப்படி வாக்களித்தனர் என்பதைச் செல்லூரில் இருப்போர் அறிவது எவ்வாறு? நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடம் இவ்வினாவுக்கான விடைகளுள் ஒன்று.

பலர் காண நடந்த தேர்வு

பொதுச்செயல் பலர் அறிய நடத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தமையை அவை விரிவாகக் கூறுகின்றன.

இளையோரும் முதியோரும் கூடியிருந்த அவையில், குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திக் காட்டினர். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதனைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். பின்னர் அதிலுள்ள பெயரை உரக்கப் படிக்க வேண்டும். கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்கலாம் என்னும் ஐயத்திற்கு இடந்தரலாகாது என்பதே இவ்விதிகளின் நோக்கம் எனலாம். அன்று அவையில் அமரும் தகுதி நிலமும் கல்வியும் உடைய சிலர்க்கே வாய்த்தது. பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் அங்கு இடமில்லை. ஆயினும் காண்போர் முன்னிலையே செயலின் நேர்மைக்குக் காவல் என்பதை அக்கல்வெட்டு உணர்த்துகிறது.

மாடத்தில் ஓர் இருக்கை

இன்றைய நாடாளுமன்றக் கட்டடம் 2023 மே 28 அன்று திறந்து வைக்கப்பட்டது. மக்களவைக் கூடத்தில் 888 இருக்கைகளும் மாநிலங்களவைக் கூடத்தில் 384 இருக்கைகளும் உள்ளன. அவை நடைபெறும்போது அதனைக் காண விரும்பும் குடிமகன், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாக விண்ணப்பித்து நுழைவுச்சீட்டுப் பெற வேண்டும். கைப்பேசியையும் பையையும் வெளியே ஒப்படைத்து, பல கட்டச் சோதனைகளைக் கடந்த பின்னரே மாடத்தை அடைய முடியும். 2023 டிசம்பர் 13 அன்று மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்தனர். அதன்பின் சோதனைகள் மேலும் கடுமையாயின.

மாடத்தில் அமர்ந்தவர் பேசுதல், கைதட்டுதல், முழக்கமிடுதல் ஆகாது. இவ்வமைதி சிலர்க்கு வியப்பளிக்கலாம். 1929 ஏப்ரல் 8 அன்று, அயலார் ஆட்சியில் இயங்கிய மத்தியச் சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து பகத்சிங்கும் படுகேசுவர தத்தும் குண்டுகளையும் துண்டறிக்கைகளையும் வீசினர். நாட்டு மக்களுள் மிகச் சிலரே வாக்குரிமை பெற்றிருந்த காலம் அது. இன்று மாடத்தில் அமர்பவர்தம் குரலை வாக்குப்பெட்டி வழியே முன்னரே அவைக்கு அனுப்பியவர்; அடுத்த தேர்தலில் மீண்டும் அனுப்பப் போகிறவர். ஆகவே அவர் அங்கே அமைதி காக்க இயலும்.

அவை நடக்கும் முறை

கீழே அவைத்தலைவரின் வலப்புறம் ஆளுங்கட்சியினரும் இடப்புறம் எதிர்க்கட்சியினரும் அமர்கின்றனர். மக்களவை முற்பகல் 11 மணிக்குக் கூடியதும் முதல் ஒரு மணி நேரம் வினா நேரமாகும். நட்சத்திரக் குறியிட்ட வினாக்களுக்கு அமைச்சர் வாய்மொழியாக விடையளிக்க வேண்டும். நாளொன்றுக்கு 20 வினாக்கள் இவ்வகையில் பட்டியலிடப்படுகின்றன. அமைச்சரின் விடையையொட்டித் துணைவினா எழுப்பலாம் என்பதே இதன் சிறப்பு. எழுதிவைத்த விடையைப் படிப்பது எளிது. எதிர்பாராத துணைவினாவுக்கு விடை கூறப் பொருளறிவு வேண்டும். நூல் விலையேற்றம் பற்றி ஓர் உறுப்பினர் வினவினால், அமைச்சரின் விடை அச்சிக்கலைத் தொடுகிறதா, விலகிச் செல்கிறதா என்பதை மாடத்திலிருந்து உடனே உணரலாம்.

வினா நேரத்தை அடுத்து, முன்னறிவிப்புக் கால வரம்பின்றி உடனடிச் சிக்கல்களை எழுப்பும் பூஜ்ய நேரம் வருகிறது. பின்னர்ச் சட்டமுன்வரைவுகள் விவாதிக்கப்படுகின்றன. விவாதத்தின் முடிவில் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் குரல்களைக் கேட்டு அவைத்தலைவர் முடிவை அறிவிக்கிறார். அதனை உறுப்பினர் ஏற்காது எண்ணிக் கணிக்கக் கோரினால், மணி ஒலிக்கிறது. ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் பதிவாகிறது. குரல் வாக்கெடுப்பில் யார் எப்பக்கம் நின்றார் என்பது பதிவாவதில்லை. எண்ணும் முறையில் அது வரலாறாகிறது.

தாய்மொழியில் பேசும் உரிமை

நாடாளுமன்ற அலுவல்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும் என அரசமைப்பின் 120-ஆம் உறுப்பு கூறுகிறது. அவ்விரு மொழிகளிலும் தம் கருத்தைச் செவ்வனே வெளிப்படுத்த இயலாத உறுப்பினர், அவைத்தலைவரின் இசைவுடன் தாய்மொழியில் பேசலாம் எனவும் அதே உறுப்பு வழிசெய்கிறது. தமிழில் ஒலிக்கும் உரையை மொழிபெயர்ப்பாளர் உடனுக்குடன் பெயர்த்துரைக்க, பிற உறுப்பினர் காதணிக் கருவி வழியே கேட்கின்றனர். 1962-இல் மாநிலங்களவை உறுப்பினரான அறிஞர் அண்ணா, தம் ஆங்கில உரைகளால் அவையின் கவனத்தை ஈர்த்தார். எம்மொழியில் பேசினும், தம் மக்களின் நிலையைப் பிற பகுதியினர்க்கு விளங்கச் செய்வதே உறுப்பினரின் கடமை.

காணும் உரிமையின் வரலாறு

அவைக்குள் பேசியதற்காக எந்த உறுப்பினர்மீதும் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. ஆனால், அப்பேச்சை வெளியிட்ட செய்தித்தாளுக்கு இத்தகைய பாதுகாப்பு முன்பு இல்லை. அவையில் உறுப்பினர் எழுப்பிய குற்றச்சாட்டை அவ்வாறே அச்சிட்டாலும், இதழாசிரியர் வழக்கைச் சந்திக்க நேரலாம். இக்குறையை நீக்கும் பொருட்டு மக்களவை உறுப்பினர் பெரோஸ் காந்தி தனிநபர் சட்டமுன்வரைவு ஒன்றைக் கொணர்ந்தார். 1956-இல் அது சட்டமாயிற்று. தீய நோக்கமின்றியும் பொதுநலன் கருதியும் உண்மையாக வெளியிடப்படும் அவைச் செய்திகளுக்கு அச்சட்டம் காப்பளித்தது.

அதன் பயன் விரைவிலேயே புலப்பட்டது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாயை ஒரு தொழிலதிபரின் நிறுவனங்களில் முறையின்றி முதலீடு செய்ததைப் பெரோஸ் காந்தி 1957 டிசம்பரில் மக்களவையில் வெளிப்படுத்தினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். ஆயினும் சான்றுகளுடன் தம் அரசையே வினவினார். நீதிபதி எம். சி. சாக்ளா தலைமையில் பொதுமக்கள் அறிய விசாரணை நடைபெற்றது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல், அச்சட்டம் நீக்கப்பட்டது. அவையில் பேசப்பட்டதை மக்களுக்கு அறிவிக்கும் இதழ்களின் காப்பு அகன்றது. 1977-இல் அச்சட்டம் மீண்டும் இயற்றப்பட்டது. சாதாரணச் சட்டத்தை மற்றொரு சட்டத்தால் எளிதில் நீக்கிவிடலாம் என்பதை நாடு அறிந்திருந்தமையால், 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தின் வாயிலாக 361அ என்னும் உறுப்பாக அவ்வுரிமை அரசமைப்பிலேயே இடம்பெற்றது.

1994 முதல் வினா நேரம் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பாயிற்று. 2021-இல் இரு அவைகளின் தொலைக்காட்சிகளும் இணைந்து ‘சன்சத் தொலைக்காட்சி’ ஆயின. இன்று தில்லி செல்ல இயலாதவர்க்கும் மாடத்தில் ஓர் இருக்கை உண்டு.

மாடத்திற்குத் தெரியாதவை

முதன்முறையாக விவாதத்தைக் காண்போர் சிலர் ஏமாற்றம் அடைவதுண்டு. இருக்கைகள் பல வெறுமையாக இருக்கலாம். கூச்சலால் அவை ஒத்திவைக்கப்படலாம். மொத்த உறுப்பினருள் பத்தில் ஒரு பங்கினர், அதாவது மக்களவையில் 55 பேர், இருந்தாலே அவை நடைபெறலாம். வராத உறுப்பினர் அனைவரும் கடமை தவறியவர் எனக் கருதுதலும் பிழையாகும். துறைசார் நிலைக்குழுக்களில் வரவுசெலவுக் கோரிக்கைகளும் சட்டமுன்வரைவுகளும் நுணுகி ஆராயப்படுகின்றன. அக்கூட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்கு உரியவை அல்ல. அவற்றின் அறிக்கைகளே வெளியிடப்படுகின்றன. எனவே கண்ணால் கண்டதோடு நில்லாமல், அச்சிட்ட அவைக்குறிப்பையும் குழு அறிக்கையையும் படிப்பவரே முழுமையான பார்வையாளர்.

காண்பவர் கடமை

திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. அவை பேசுவோர்க்கு உரிய இலக்கணம். கேட்போர்க்கும் ஓர் இலக்கணம் உண்டு. பேசியவர் சான்று காட்டினாரா? அமைச்சர் கேட்டதற்கு விடையளித்தாரா? மாற்றுக் கருத்தினர் பேச இடம் கிடைத்ததா? பேசியதும் வாக்களித்ததும் ஒத்திருந்தனவா? இந்நான்கையும் கட்சி வேறுபாடின்றி வினவுதல் வேண்டும். தாம் விரும்பும் தலைவர் பேசும்போதும் இவ்வினாக்களை மறவாதிருத்தலே கடினமானது.

மதுரை அரசவையில் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதாகச் சிலப்பதிகாரம் கூறும். மன்னனை வீழ்த்தியது அவள் குரலின் உயரமன்று. சிலம்பினுள் இருந்த மாணிக்கப்பரல். விவாதத்தைக் காணும் இளைஞர் தேட வேண்டுவதும் அப்பரலையே. பதினெட்டு வயதில் வாக்குரிமை வருகிறது. அதற்கு முன்னுள்ள ஆண்டுகள் கேட்டுப் பழகுவதற்கு உரியவை.

தெரியுமா?

1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் நடைபெற்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 269 வாக்குகளும் எதிராக 270 வாக்குகளும் பதிவாயின. ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் பிரதமர் வாஜ்பாய் தலைமையிலான அரசு வீழ்ந்தது.

கற்பவை கற்றபின்

1. நாடாளுமன்ற வினா நேர நேரலை ஒன்றைக் கண்டு, ஒரு வினா, அதற்கான விடை, எழுந்த துணைவினா ஆகியவற்றைக் குறிப்பெடுத்து வகுப்பறையில் உரையாடுக.
2. உங்கள் பகுதித் தொழில் ஒன்றைப் பற்றி மக்களவையில் எழுப்பத்தக்க மூன்று வினாக்களை உருவாக்குக.
3. ‘அவை நடவடிக்கைகளைக் காண்பது உரிமையா, கடமையா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக. பார்வையாளராக அமரும் மாணவர், இருதரப்பினரும் காட்டிய சான்றுகளைப் பட்டியலிடுக.