விமானப் பிரயாணமும் மணிக் கணக்கும்

நம்மில் அநேகர் ஊருக்குச் சபர் செய்வதென்றால் சாங்கியில் விமானமேறித் திருச்சியில் இறங்குகின்றோம். ரஜூலா, சிதம்பரம் கப்பல்களில் நம் பெரியவர்கள் நாட்கணக்கில் கடந்த கடல் இது. இன்றோ சில மணி நேரந்தான். ஆயினும் எத்தனை மணி நேரமென்று கேட்டால், டிக்கட்டைப் பார்த்து ஒருவர் ஒன்றே முக்கால் என்பார். மற்றவர் ஆறே முக்கால் என்பார். இதன் விவரத்தைக் கவனிப்போம்.

இரு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். அதாவது 1,850 மைல். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகமென்று வகுத்தால் மூன்றே முக்கால் மணி வரும். ஓடுபாதையில் ஊர்வதற்கும், ஏறி இறங்குவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் சுமார் நாலேகால் மணி. போகும்போதும் திரும்பும்போதும் இதுவே.

டிக்கட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர் மணிப்படியும், சேரும் நேரம் சேரும் ஊர் மணிப்படியும் போட்டிருக்கும். சிங்கப்பூர் மணி இந்திய மணிக்கு இரண்டரை மணி முந்தியது. உதாரணமாக, இங்கே காலை 10-க்குப் புறப்பட்டால் அங்கே பகல் 11.45-க்கு இறங்குவோம். அங்கே பகல் 1-க்குப் புறப்பட்டால் இங்கே இரவு 7.45 ஆகிவிடும். ஒன்றே முக்காலையும் ஆறே முக்காலையும் கூட்டிப் பாதியாக்கினால் அதே நாலேகால் வருகிறதல்லவா?

வித்தியாசம் 2 மணி என்று சொல்வது பழைய கணக்கு. 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவும் சிங்கப்பூரும் மணியை அரை மணி முன்னே தள்ளிவிட்டன.

இக்கணக்கு அவசரத்திற்குப் பெரிதும் உதவும். ஊரில் ஒரு மவுத்து. தகப்பனாரின் முகம் பார்க்க மகன் புறப்படுகிறார். "எத்தனை மணிக்கு வருவார்? அடக்கத்தை நிறுத்தி வைக்கலாமா?" என்று அங்குள்ளவர்கள் கேட்கிறார்கள். பத்துடன் நாலேகாலைக் கூட்டி, "இரண்டேகாலுக்கு இறங்குவார்" என்று இங்கிருந்து ஒருவர் சொல்லிவிட்டால் என்னவாகும்? வீடு நாகப்பட்டினம் என்று கொள்வோம். நிலையத்தை விட்டு வெளிவர ஒரு மணி, காரில் 150 கிலோமீட்டர் போக 3 மணி. "அப்படியானால் மஃரிபு ஆகிவிடும், காத்திருக்க வேண்டாம்" என்று ஜமாஅத்தார் முடிவு செய்துவிடலாம். உண்மையில் அவர் 11.45-க்கே இறங்கி, பிற்பகல் மூன்றே முக்காலுக்கு வீட்டு வாசலில் நிற்பார். இரண்டரை மணிப் பிசகினால் தகப்பனின் முகம் தவறிப்போகும்.

ஆகவே ஊருக்குப் போன் செய்யும்போது, "உங்கள் மணிப்படி" என்று முதலில் சொல்லுங்கள். விமானம் இறங்கும் நேரத்தை மட்டும் சொல்லாமல், வீடு வந்து சேரும் நேரத்தையும் கணக்கிட்டுச் சொல்லுங்கள்.