எந்த வழியில் என்று கேள்

அன்புள்ள தங்கைக்கு,

எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். "எதிரே உட்காருகிறவர்கள் 'எனக்கு வந்திருக்குமா மேடம்?' என்று கேட்கிறார்கள். பயமுறுத்தவும் மனசு வரவில்லை, ஒன்றும் இருக்காது என்று சொல்லவும் துணிச்சல் இல்லை. என்ன சொல்வது அக்கா?" என்று கேட்டிருந்தாய். இருபது ஆண்டுக்கு மேல் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். உனக்குச் சொல்வது உன்னைப்போல் புதிதாகச் சேர்கிற எல்லோருக்கும் பயன்படட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த நாட்களில் தமிழ்நாட்டுச் சுவர்களில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி நின்றது. வாய்விட்டுச் சொல்லக் கூசிய ஒரு வார்த்தையை அது டீக்கடைப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. அது பெரிய காரியம். ஆனால் ஜனங்கள் மனதில் தங்கியது 'எந்த ஆளுக்கு வரும்' என்பதுதான். மையத்துக்கு வருகிறவர்கள் இன்றும் அந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். "நான் அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போறவன் இல்லைங்க, அவங்க குடும்பப் பொண்ணு" என்பார் ஒருவர். "பார்க்க நல்லா திடமா இருந்தாரு" என்பார் இன்னொருவர். ஆளை எடைபோட்டுத் தங்கள் ரிஸ்க்கைக் கணக்குப் பார்க்கிறார்கள். நம் வேலை அந்தத் தராசை அவர்கள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, வேறொன்றைக் கொடுப்பது.

அந்தப் பழைய தராசு என் கையிலும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு லாரி டிரைவர் வந்தார். வடக்கே ஓடுகிற வண்டி. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டே வந்து, "வீட்ல இவ்வளவு நல்ல சம்சாரம் இருக்கும்போது ஏன் போனீங்க?" என்று கேட்டுவிட்டேன். முழங்கால்மேல் இருந்த அவர் கைகள் மடங்கின. "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார். வரவே இல்லை. ரத்தம் எடுக்கவில்லை. ரெஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தது. அவருக்குத் தொற்று இருந்ததா, அவர் மனைவி என்ன ஆனார் என்பதெல்லாம் அந்த ஒரு 'ஏன்' என்ற சொல்லோடு போய்விட்டது. அன்றிலிருந்து அந்த அறைக்குள் 'ஏன்' கேட்பதை விட்டேன். கடைசியாக எப்போது, என்ன மாதிரி உறவு, உறை போட்டிருந்தீர்களா, கிழிந்ததா, புண் ஏதாவது இருந்ததா என்று மட்டுமே கேட்டேன்.

நீயும் மூன்றே விஷயங்களைப் பார். எந்தத் திரவம்? எந்த வழி? எவ்வளவு வைரஸ்?

ரத்தம், விந்து, விந்துக்கு முன் கசிகிற நீர், பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால். தொற்றைக் கடத்தும் அளவுக்கு எச்.ஐ.வி. இருப்பது இவற்றில்தான். எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாகப் பரவாது. கொசு கடித்து வராது. ஒரே தட்டில் சாப்பிட்டாலோ ஒரே கழிப்பறைக்குப் போனாலோ வராது. அந்தத் திரவம் உள்ளே போக வழியும் வேண்டும்: மெல்லிய உட்சவ்வு, திறந்த புண், அல்லது நேரே ரத்தத்துக்குள் போகிற ஊசி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழக்கினாலே, வருகிறவர்களின் பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும். மீதிப் பாதிக்குக் காரணம் உண்டு. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

தொற்று இருந்தும் சிகிச்சை எடுக்காத ஒருவரோடு உறை இல்லாமல் உறவு கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சி.டி.சி. ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 10,000 முறைக்கு இத்தனை முறை தொற்றலாம் என்ற சராசரி அது. ஆசனவாய் வழி உறவில் ஏற்றுக்கொள்பவருக்கு 138, செலுத்துபவருக்கு 11. பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. போதை ஊசியைப் பகிர்ந்தால் 63. வாய்வழி உறவில் மிக மிகக் குறைவு. ஆனால் மேகவெட்டை, கிரந்தி போன்ற பால்வினை நோய்கள் அந்த வழியிலும் வரும். ஆசனவாயின் உட்சவ்வு மிக மெல்லியது. தானாகச் சுரக்கும் வழவழப்பும் அங்கே கிடையாது. எளிதில் கீறல் விழுகிறது. அந்த எண் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். அந்த உறவில் இருப்பவர்களின் ஒழுக்கம் காரணமே இல்லை. ஆணும் ஆணும் மட்டுமல்ல, கர்ப்பத்துக்குப் பயந்து இந்த வழியைத் தேர்ந்துகொள்ளும் ஆண்-பெண் ஜோடிகளும் உண்டு. நீ கேட்டால் ஒழிய அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

இந்த எண்களை உன் மனதில் வைத்துக்கொள், ஆனால் மேசைமேல் விரிக்காதே. நான் ஒருமுறை விரித்தேன். "பத்தாயிரத்துல நாலுதானா மேடம்?" என்று நிம்மதியாக எழுந்து போகப் பார்த்தார் ஒரு பையன். உட்காரவைத்துச் சொன்னேன்: "இது தவணைக் கணக்கு இல்லப்பா, கடைசித் தவணையில வர்றதுக்கு. முதல் தடவையிலேயும் வரலாம்." உறவு கொண்ட துணைக்குத் தொற்று புதிதாக வந்திருந்தால் அவர் உடம்பில் வைரஸ் கொட்டிக் கிடக்கும். அந்த முதல் சில வாரங்களில் காய்ச்சல், தொண்டை வலி என்று வந்து போகும். பலருக்கு அதுகூட இருக்காது. புண்ணோ பால்வினை நோயோ இருந்தால் வழி இன்னும் அகலமாகிறது. சராசரி என்பது இவ்வளவையும் கலந்து வைத்த எண்.

அடுத்தது ஆணுறை. "யூஸ் பண்ணுங்க" என்று சொல்லி முடித்துவிடாதே. மேசையில் இருக்கிற மர மாடலை எடு. முதலில் நீ போட்டுக் காட்டு, பிறகு அவரைப் போடச் சொல். தேதியைப் பார்க்க வேண்டும். உறையைப் பாக்கெட்டின் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மறு ஓரத்தைக் கையால் கிழிக்க வேண்டும். பல், கத்தரிக்கோல் கூடாது. நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிட்டு, அடிவரை உருட்ட வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் திருப்பிப் போடக் கூடாது. வேறொன்று எடுக்க வேண்டும். முடிந்ததும் விறைப்பு தளர்வதற்கு முன்பே, அடிப்பகுதியைப் பிடித்தபடி வெளியே எடுக்க வேண்டும். இவ்வளவும் இரண்டு நிமிடம்தான். "உறை போட்டேன், கிழிஞ்சிடுச்சு" என்று வந்தவர்களிடம் நான் விசாரித்தவரை, இதில் ஏதோ ஒரு படி தவறியிருந்தது.

நம் ஊருக்கென்றே ஒரு தவறும் உண்டு. வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் பட்ட லேடெக்ஸ் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். கண்ணுக்குத் தெரியாது, கிழியும்போதுதான் தெரியும். வாசலின், பேபி ஆயில் எல்லாம் இதே கதைதான். தண்ணீரையோ சிலிக்கோனையோ அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் வேண்டும் என்று சொல், மருந்துக்கடையில் எப்படிக் கேட்பது என்றும் சொல்லிக்கொடு. பர்ஸில் மடித்து மாதக்கணக்கில் வைப்பது, லாரி முன்கண்ணாடி ஓரம் வெயிலில் போட்டுவைப்பது, பாதுகாப்பு கூடும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போடுவது ஆகியவற்றைப் பற்றி அவர்கள் சொல்வதற்கு முன் நீயே கேட்டுவிடு.

இனி நேரக் கணக்கு. நேற்றிரவு நடந்தது என்று இன்று ஒருவர் ஓடிவந்தால், முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. தொற்று ஏற்படாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே என்றால் மிக நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அறிவுரை பிறகு இருக்கட்டும், முதலில் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்து மருத்துவரிடம் அனுப்பு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வைக்காதே. ரிஸ்க் திரும்பத் திரும்ப இருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரையும் இருக்கிறது, பிரெப் என்பார்கள். பரிசோதனை செய்து தொற்று இல்லை என்று உறுதியான பிறகே தொடங்க வேண்டும். மற்ற பால்வினை நோய்களை அது தடுக்காது.

விண்டோ பீரியடையும் சலிக்காமல் விளக்கு. தொற்று உள்ளே வந்ததும் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்க நாளாகும். நம் பரிசோதனை தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான். அதனால் போன வாரம் நடந்ததற்கு இன்று வரும் 'நெகடிவ்' அந்த நிகழ்ச்சிக்கான பதில் ஆகாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை உறை. "நெகடிவ் வந்துடுச்சு" என்று சந்தோஷமாக எழுகிறவரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் சொல்லாமல் அனுப்பினால் அவர் அந்தக் காகிதத்தை நம்பி வீட்டுக்குப் போவார்.

மூன்றாவது கேள்வியான 'எவ்வளவு வைரஸ்' என்பதில்தான் என் காலத்தில் உலகமே மாறியது. இந்தியாவில் முதல் தொற்றுகள் தெரியவந்தது 1986-ல், நம் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது வெளிப்பட்டது. அன்று கொடுக்க மருந்தில்லை. அரசின் இலவசக் கூட்டு மருந்து 2004-ல்தான் வந்தது. பிறகு, ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று, சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் காட்டியது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் சென்னையும் ஒன்று. அடுத்து வந்த பார்ட்னர் ஆய்வுகளில், ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவான வைரல் லோடு 200-க்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து உறை இல்லாத உறவில்கூடத் துணைக்கு ஒரே ஒரு தொற்றுகூடப் போகவில்லை.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றால், உடலுறவு வழியாக அவர் யாருக்கும் கொடுக்கமாட்டார். இதை மென்று முழுங்காமல் சொல். "இனிமே என் பொண்டாட்டிய தொடவே கூடாதா மேடம்?" என்று கேட்ட ஒருவரிடம், ஒரு வருடம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இதைச் சொன்னேன். பேச்சே வரவில்லை அவருக்கு. ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டார். இந்த உறுதி உடலுறவுக்கு மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல். ஊசியைப் பகிர்வதற்கும் தாய்ப்பாலுக்கும் இதை அப்படியே நீட்டக் கூடாது. மருந்தை நடுவில் நிறுத்தினால் வைரஸ் திரும்ப ஏறும். எதுவுமே செய்யாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு 15 முதல் 45 சதவீதம் வரை போகக்கூடியது, முறையான சிகிச்சையில் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. கர்ப்பிணிகள் வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தியிடமும் நீ செலவிடும் நேரத்தின் மதிப்பு இதுதான்.

அந்த வரிசையில் நிற்கிற பெண்களைப் பற்றி இன்னும் ஒன்று. "உறை போடச் சொன்னா என்னையே சந்தேகப்படுவாரு அக்கா" என்பார்கள். அவர்களில் பலருக்கு இருந்த ஒரே ரிஸ்க் கல்யாணம். அவர்களிடம் போய் ஆணுறை விளக்கம் மட்டும் சொல்லி என்ன பயன்? வீட்டில் என்ன வார்த்தை சொல்லலாம் என்று அந்த அறையிலேயே சொல்லிப் பார்க்க வை. "அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேணும்னு டாக்டர் சொன்னாங்க" என்ற ஒரு வாக்கியம் நிறையப் பேருக்குக் கைகொடுத்திருக்கிறது. முடிந்தால் கணவரையும் வரவழைத்துப் பேசு. ஆனால் அவள் சம்மதம் இல்லாமல் ஒரு வார்த்தையும் வெளியே போகக் கூடாது. 2017-ன் எச்.ஐ.வி. சட்டம் ரகசியத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பும் இந்த வேலையின் அடித்தளம் அதுதான். கதவைச் சாத்தாமல் பேச்சைத் தொடங்காதே.

கடைசியாக, இலவச ஆணுறைப் பெட்டி. நான் சேர்ந்தபோது அது என் மேசைமேல், கண்ணெதிரே இருந்தது. மாதம் முடிந்தும் நிரப்பியபடியே இருந்தது. ஒருநாள் அதைத் தூக்கிப் படிக்கட்டுத் திருப்பத்தில், யார் கண்ணும் படாத சுவரில் மாட்டச் சொன்னேன். சாயங்காலம் நிரப்பினால் மறுநாள் காலையில் காலி. எடுத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

நாளைக்கு மையத்துக்குப் போனதும், உன் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்.

அன்புடன்,
உன் அக்கா