தாளம் தவறாத சதுரம்

திரையின் இடப்பக்கத்தில் ஒரு சிறிய சதுரம் தோன்றுகிறது. இசை தொடங்கியதும் அது வலப்பக்கம் நோக்கித் தானாகவே ஓடத் தொடங்குகிறது. அதை நிறுத்த முடியாது. பின்னால் திருப்பவும் முடியாது. விளையாடுபவரால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். விசையைத் தட்டிச் சதுரத்தைக் குதிக்க வைக்கலாம். வழியில் கூர்மையான முட்கள் நிற்கின்றன. கட்டைகள் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. எதிலாவது மோதினால் சதுரம் உடைந்து சிதறும். அடுத்த கணமே அது மீண்டும் தொடக்கத்தில் நிற்கும். இசையும் முதலிலிருந்து ஒலிக்கும்.

'ஜியாமெட்ரி டேஷ்' எனப்படும் இவ்விளையாட்டைச் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ராபர்ட் டோபாலா உருவாக்கி, 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெளியிட்டார். அதன்பின் ரசிகர்கள் பலர், அதைப் போன்ற விளையாட்டுகளைத் தாங்களே செய்து இணைய உலாவியில் விளையாடும்படி அமைத்தனர். அவற்றுள் பல 'ஸ்கிராட்ச்' தளத்தில் பிறந்தவை. ஸ்கிராட்ச் என்பது அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட நிரலாக்கக் கருவி. வண்ணக் கட்டைகளைப் பொருத்துவதுபோல் கட்டளைகளைப் பொருத்தி அதில் நிரல் எழுதலாம். இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்துப் புதிய ஒலி எழுப்பும் கலைஞர்களின் உத்தியிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. தாளத்தோடு ஓடும் ஒரு விளையாட்டுக்குப் பொருத்தமான பிறந்தவீடுதான்!

விதி இவ்வளவு எளிது என்றாலும், முதன்முறை விளையாடும் ஒருவர் சில வினாடிகளுக்குமேல் தாக்குப்பிடிப்பது அரிது. திரையில் 'முயற்சி 1' என்று தெரிந்த எண், சிறிது நேரத்தில் 40, 50 என்று ஏறிவிடும். "எனக்குக் கை வேகம் போதாது" என்று சொல்லிப் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் குறை கையில் இல்லை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். அசல் விளையாட்டின் இயல்பான வேகத்தில், சதுரம் வினாடிக்கு ஏறத்தாழ 10 கட்டங்களைக் கடக்கிறது. கண் ஒன்றைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைவதற்குப் பொதுவாகக் கால் வினாடி ஆகும். அதற்குள் சதுரம் இரண்டரைக் கட்டம் முன்னேறிவிடும். ஒரே ஒரு முள் என்றால் தொலைவிலேயே பார்த்து ஆயத்தமாகலாம். முட்களும் கட்டைகளும் நெருக்கமாக வரும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்துத் தட்ட நேரமே இருக்காது. தேர்ந்த ஆட்டக்காரருக்கும் இதே கால் வினாடிதான். அவர் அடுத்த தடையைப் பார்த்துக் குதிப்பதில்லை. அது எப்போது வரும் என்பதை முன்பே அறிந்திருக்கிறார்.

அந்த அறிவைத் தருவது பெரும்பாலும் காது. தடைகள் கண்டபடி வைக்கப்படவில்லை; இசையின் தாளத்துக்கு ஏற்ப வைக்கப்பட்டுள்ளன. நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட இசை என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் இடையே அரை வினாடி. தாளம் சீராக வருவதால் அடுத்த தட்டு விழும் நேரத்தை மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. ஓர் ஒலியோடு சேர்ந்து விரலால் தட்டச் சொன்னால், மனிதர்கள் ஒலி கேட்டபின் தட்டுவதில்லை. பெரும்பாலும் ஒலிக்கு மிகச் சற்று முன்னதாகவே தட்டுகிறார்கள். கைதட்டிப் பாடும் கூட்டத்தில் எல்லாருடைய கையோசையும் ஒன்றாக எழுவதும் இதனால்தான். ஆகவே விளையாடத் தொடங்குமுன் விசையைத் தொடாமல் இசையை மட்டும் இரண்டு மூன்று முறை கேட்பது வீண்வேலை அன்று.

இசையைக் கேட்கும் கருவியிலும் கவனம் தேவை. சில புளூடூத் இயர்ஃபோன்களில் ஒலி 0.1 முதல் 0.2 வினாடிவரை தாமதமாக வந்து சேரும். வினாடிக்கு 10 கட்டம் ஓடும் சதுரத்துக்கு அது ஒன்று அல்லது இரண்டு கட்ட வேறுபாடு. தாளத்தைச் சரியாகப் பின்பற்றுகிறவர்தான் அப்போது சரியாக முள்ளில் போய் விழுவார்! கம்பியுள்ள இயர்ஃபோனுக்கு மாறினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

காதுக்கு அடுத்து, பயிற்சி செய்யும் முறை. 'ஸ்டீரியோ மேட்னஸ்' எனும் முதல் கட்டம் சுமார் ஒன்றரை நிமிடம் நீடிக்கும். அதில் 80 விழுக்காட்டுத் தூரத்தில் உள்ள ஓர் இடத்தில் ஒருவர் திரும்பத் திரும்பத் தோற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஓடினால், அந்த இடத்தை அடையவே 72 வினாடிகள் ஆகும். ஒரு மணி நேரம் விளையாடினாலும் அதிகம் போனால் 50 முறைதான் அதைச் சந்திப்பார். இடையில் எங்கும் விழாமல் இருந்தால்தான் அதுவும். மற்ற நேரமெல்லாம் தமக்கு ஏற்கெனவே தெரிந்ததையே செய்துகொண்டிருப்பார். பயிற்சி முறையில் அந்த இடத்துக்குச் சற்று முன்பாக ஒரு குறியை வைத்துவிட்டால், தோற்றதும் சதுரம் அங்கிருந்தே ஓடும். ஒரு சுற்றுக்கு 5 வினாடி என்றாலும் பத்தே நிமிடங்களில் 120 முறை பழகிவிடலாம்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அசல் விளையாட்டின் பயிற்சி முறையில் வழக்கமாக வேறோர் இசை ஒலிக்கும். அங்கே கண்ணால் கற்றதை உண்மையான இசையோடு இணைக்கும் வேலை அதன்பின்னும் மிச்சமிருக்கும். பயிற்சியில் எளிதாகக் கடந்த இடத்தில் மீண்டும் தடுமாறுகிறவர்கள் இதனால் மனந்தளர வேண்டியதில்லை. 95 விழுக்காட்டைத் தொட்டதும் கை நடுங்குவது வேறு கதை. கடைசிப் பகுதியை மற்றப் பகுதிகளைவிட அதிகமாகப் பழகியிருந்தால், பதற்றத்திலும் விரல் தன் வேலையைச் செய்துவிடும். களைத்தபின் தொடர்ந்து விளையாடுவதால் பயன் குறைவு. விரல் கற்ற அசைவுகளை உறக்கத்தின்போதும் மூளை உறுதிப்படுத்துகிறது. முந்திய நாள் முடியாத ஓர் இடம் மறுநாள் காலை எளிதாகத் தோன்றினால் அது மாயம் அன்று.

இதுவரை சொன்னவை அசல் விளையாட்டுக்கும் ரசிகர்களின் பதிப்புகளுக்கும் பொது. ஸ்கிராட்சில் உருவான பதிப்புகளில் மட்டும் கிடைக்கும் ஒரு வசதி உண்டு. அங்கே எந்த விளையாட்டின் உள்ளேயும் நுழைந்து அதன் நிரலைப் பார்க்கலாம். தமக்கென ஒரு படியெடுத்து மாற்றவும் செய்யலாம். அப்படி மாற்றி வெளியிடப்படும் படைப்பின் பக்கத்தில், மூலப் படைப்பாளருக்குரிய நன்றியும் இணைப்பும் தாமாகவே இடம்பெறும். அந்த அனுமதி ஸ்கிராட்ச் பயனர்கள் தாமே உருவாக்கியவற்றுக்குத்தான். அசல் விளையாட்டின் பெயரும் ஓவியங்களும் டோபாலாவுடையவை. இசை அதை அமைத்த கலைஞர்களுடையது. 'ரசிகர் பதிப்பு' என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு இசையமைப்பாளரின் பெயரையும் எழுதுவதே நாணயமான செயல்.

உள்ளே நுழைந்து பார்ப்பவருக்குக் குதித்தலின் இரகசியம் புரியும். பெரும்பாலும் அது இரண்டே எண்களால் ஆனது. விசையைத் தட்டியதும் சதுரத்துக்கு மேல்நோக்கிய வேகமாக ஓர் எண் கொடுக்கப்படுகிறது, எடுத்துக்காட்டாக 20. ஸ்கிராட்ச் வினாடிக்கு 30 முறை திரையைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அந்த வேகத்திலிருந்து, ஈர்ப்பு விசைக்காக, 2 கழிக்கப்படுகிறது. வேகம் சுழியம் ஆனதும் சதுரம் உச்சியில் இருக்கும். பிறகு கீழே இறங்கும். இயற்பியல் பாடத்தில் வரும் அதே கணக்குத்தான்.

இதைக் கொண்டு முழு விளையாட்டையும் பாதி வேகத்தில் ஓடவைத்துப் பழகலாம். மிருதங்கம் கற்பவர் ஒரு பாடத்தை முதலில் மெதுவாக வாசித்து, பிறகு வேகத்தைக் கூட்டுவதைப் போன்றது இது. சதுரம் ஓடும் வேகத்தை மட்டும் பாதியாக்கினால் போதாது. அப்போது குதிப்பு பழைய நேரத்திலேயே முடிந்து, சதுரம் முள்ளின்மீது விழும். மேல்நோக்கிய வேகத்தையும் பாதியாக்கி 10 என வைக்கவேண்டும். ஈர்ப்பையும் பாதியாகக் குறைக்கத் தோன்றும். ஆனால் அதைக் கால்பங்காகக் குறைத்து 0.5 என வைக்கவேண்டும். அப்போதுதான் குதிக்கும் உயரம் ஏறத்தாழ மாறாமலிருக்க, நேரம் மட்டும் இருமடங்காகும். முன்பு 10 புதுப்பிப்புகளில் உச்சியை எட்டிய சதுரம், இப்போது 20 புதுப்பிப்புகளில் அதே உச்சியை எட்டும்.

எஞ்சியிருப்பது இசை. ஸ்கிராட்சில் ஒலியின் சுருதியை மாற்றினால் அது ஒலிக்கும் வேகமும் கூடவே மாறும். சுருதி மதிப்பை -120 என்று வைத்தால் இசை ஒரு முழு ஸ்தாயி கீழே இறங்கி, சரியாகப் பாதி வேகத்தில் ஒலிக்கும். பாட்டு கனத்த குரலில் முனகுவதுபோல் கேட்கும். கேட்கச் சிரிப்பாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தட்டும் அதனதன் முள்ளுக்கு நேராகவே விழும். அந்த வேகத்தில் தடையின்றி ஓடப் பழகியபின் -90, -60, -30 எனச் சுருதியை உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் மற்ற எண்களையும் கணக்கிட்டு மாற்றிக்கொண்டே வரலாம்.