கடல்நீர் மீன்தொட்டியை இடமாற்றல்: மீன்களும் உயிர்ப்பாறையும்

கற்றல் பேறுகள்
இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
• உயிர்ப்பாறையின் தொழிலை நைதரசன் வட்டத்துடன் தொடர்புபடுத்தி விளக்கவும்,
• மீன்களையும் பாறையையும் புதிய தொட்டிக்கு மாற்றும் படிமுறையைக் காரணங்களுடன் எழுதவும்,
• தேவையான உப்பின் அளவைக் கணிக்கவும் முடியும்.

1. அறிமுகம்

பழைய தொட்டியில் நலமாக வாழ்ந்த மீன்களைப் புதிய, பெரிய தொட்டிக்கு மாற்றுகின்றோம். கண்ணாடி புதிது, நீரும் தெளிவு. ஆயினும் சில நாள்களில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து விரைவாகச் சுவாசிக்கின்றன; பின்னர் இறக்கின்றன. “புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை” என்று பலர் கூறுவர். பெரும்பாலும் காரணம் அதுவன்று. மீன்களை மாற்றியவர்கள், அவற்றின் கழிவைச் சுத்திகரித்த பற்றீரியாக்களை உயிருடன் மாற்றவில்லை.

2. உயிர்ப்பாறை என்றால் என்ன?

இறந்த முருகைகளின் கல்சியங் காபனேற்று வன்கூடே இப்பாறையின் அடிப்படையாகும். இது நுண்டுளைகள் நிறைந்தது. இதன்மீதும் உள்ளேயும் பற்றீரியாக்கள், அல்காக்கள், கடற்பஞ்சுகள், புழுக்கள் என்பன வாழ்வதாலேயே உயிர்ப்பாறை எனப்படுகின்றது.

மீன்கள் பூக்களினூடாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. எஞ்சிய உணவு அழுகுவதாலும் அமோனியா தோன்றும். அது பின்வருமாறு மாற்றமடையும்.

அமோனியா → நைத்திரைற்று → நைத்திரேற்று → நைதரசன் வாயு

முதலாம் மாற்றத்தை நைத்திரோசோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் செய்கின்றன. இரண்டாம் மாற்றத்துக்குப் பாடநூல்கள் நைத்திரோபற்றரைக் குறிப்பிடும். மீன்தொட்டிகளில் நைத்திரோசுபைராவே முக்கியமானது என ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்விரு மாற்றங்களும் ஒட்சிசன் உள்ள வெளிப்பகுதியில் நிகழும். இறுதி மாற்றம் ஒட்சிசன் அற்ற உட்பகுதியில் நிகழும்.

நினைவிற் கொள்க: இப்பற்றீரியாக்களிற் பெரும்பாலானவை நீரில் மிதப்பதில்லை. பாறை, மணல், வடிகட்டி ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்கின்றன. பாறை உலர்ந்தால் அவை இறக்கும். அத்துடன் இறந்த கடற்பஞ்சுகளும் அழுகி மேலும் அமோனியாவைத் தோற்றுவிக்கும்.

3. கடல்நீரில் ஆபத்து அதிகரிப்பது ஏன்?

(அ) கடல்நீரின் பி.எச். பெறுமானம் 8.1 - 8.4 அளவிலாகும். பி.எச். பெறுமானம் 7 இலிருந்து 8 ஆக உயரும்போது, மொத்த அமோனியாவில் நச்சுத்தன்மை கூடிய வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும்.
(ஆ) 25 பாகை செல்சியசில் நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். கடல்நீரில் இது ஏறத்தாழ 7 மில்லிகிராம் மாத்திரமே.
(இ) கடல்மீன்களின் உடலிலிருந்து பிரசாரணத்தினால் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அவை கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைப் பூக்களினூடாக அகற்றுகின்றன. உப்புச்செறிவு திடீரென மாறினால் இச்சமநிலை குலையும்.

4. இடமாற்றும் படிமுறை

படி 1: முதல்நாளே புதிய கடல்நீரைத் தயாரித்துக் காற்றூட்டுக. குழாய்நீராயின் முதலில் குளோரீனை அகற்றுக. கறியுப்பு பொருத்தமற்றது; செயற்கைக் கடலுப்பையே பயன்படுத்துக. 25 பாகை செல்சியசு அளவில் சாரடர்த்தி 1.023 - 1.026 ஆக இருத்தல் வேண்டும். பழைய தொட்டியின் பெறுமானத்துடன் அது பொருந்தவும் வேண்டும்.
படி 2: மாற்றுவதற்கு முன் ஒரு நாள் மீன்களுக்கு உணவிட வேண்டாம். கழிவு குறையும்.
படி 3: மின்னைத் துண்டிக்குக. வெப்பமாக்கி ஆறியபின்னரே நீரை இறக்குக. சூடான கண்ணாடி திடீரெனக் காற்றுப்பட்டால் வெடிக்கலாம்.
படி 4: மேற்பகுதியிலுள்ள தெளிந்த நீரைச் சுத்தமான வாளிகளில் எடுக்குக. சவர்க்காரம் பட்ட வாளி கூடாது.
படி 5: பாறைகளை அந்நீரில் மூழ்கவைத்துக் காற்றூட்டுக. வடிகட்டிப் பஞ்சையும் அந்நீரிலேயே வைக்குக. குழாய்நீரிற் கழுவ வேண்டாம்.
படி 6: பாறைகள் அகன்றபின் மீன்களுக்கு ஒளிய இடமில்லை. இப்போது அவற்றை எளிதாகப் பிடித்து மூடியுள்ள வாளியில் காற்றூட்டலுடன் வைக்கலாம்.
படி 7: மணலை இறுதியிலேயே அகற்றுக. ஆழ்ந்த மணலைக் கிளறினால் படிந்த கழிவும் ஐதரசன் சல்பைட்டும் நீரிற் கலக்கும்.
படி 8: புதிய தொட்டியில் மணல், பாறை, நீர் என்ற ஒழுங்கில் இடுக. வெப்பநிலையையும் உப்புச்செறிவையும் அளந்தபின் மீன்களைச் சிறிது சிறிதாகப் புதிய நீருக்குப் பழக்கி, கைவலையால் விடுக.
படி 9: இரு வாரங்களுக்கு அமோனியாவையும் நைத்திரைற்றையும் தொடர்ந்து சோதிக்குக. உணவைக் குறைக்குக. அமோனியா தென்பட்டால் நீரின் ஒரு பகுதியை மாற்றுக.

குறிப்பு: நெடுந்தூரம் பையில் கொண்டுவரப்பட்ட மீன்களின் நீரில் காபனீரொட்சைட்டு சேர்ந்து பி.எச். குறைந்திருக்கும். பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேற, பி.எச். உயர்ந்து அமோனியா நச்சாகும். எனவே திறந்த பையில் மீன்களை நீண்ட நேரம் விடாது, உப்புச்செறிவும் வெப்பநிலையும் முன்னரே ஒப்பமைத்த தொட்டிக்கு விரைவில் மாற்றுக.

5. கணிப்பு

100 லீற்றர்த் தொட்டியிலிருந்து 80 லீற்றர் தெளிந்த நீர் எடுக்கப்பட்டது. புதிய தொட்டிக்கு 200 லீற்றர் நீர் தேவை. லீற்றருக்கு 35 கிராம் உப்பு வீதம் தேவையான உப்பைக் கணிக்குக.

தயாரிக்க வேண்டிய நீர் = 200 - 80 = 120 லீற்றர்
தேவையான உப்பு = 120 × 35 = 4200 கிராம் = 4.2 கிலோகிராம்

உப்பில் ஈரப்பதன் இருக்கலாம். ஆகவே நீரமானியால் சரிபார்த்தே முடிவு செய்க.

6. பாதுகாப்பும் சட்டமும்

கையுறை அணிக. சில மென்முருகைகளில் பாலிடொக்சின் எனும் கொடிய நஞ்சு உண்டு. உயிர்ப்பாறையைக் கொதிநீரில் இட்டால் நஞ்சு ஆவியுடன் பரவி, அறையிலுள்ளோரை ஆபத்துக்குள்ளாக்கலாம். இலங்கையில் கடலிலிருந்து முருகைக்கற்களைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. மேலும் பாறை தேவையெனில், உலர்பாறையைப் பழைய உயிர்ப்பாறையின் அருகில் வைக்குக. பற்றீரியாக்கள் காலப்போக்கில் அதிலும் பரவும்.

7. மாதிரி வினாக்கள்

1. “பழைய நீர் முழுவதையும் கொண்டுசென்றால் போதும்; பாறை உலர்ந்தாலும் பாதகமில்லை.” இக்கூற்று தவறானது எனக் காட்டுக.
2. மீன்களைப் பிடிக்குமுன் பாறைகளை அகற்றுவதன் நன்மை ஒன்றும், மணலை இறுதியில் அகற்றுவதன் காரணம் ஒன்றும் தருக.
3. 150 லீற்றர்ப் புதிய கடல்நீருக்குத் தேவையான உப்பைக் கணிக்குக.

விடைக் குறிப்புகள்

1. பற்றீரியாக்கள் பெரும்பாலும் மேற்பரப்புகளில் வாழ்கின்றன, பாறை உலர்ந்தால் இறக்கின்றன, அமோனியா மாற்றமடையாது சேர்கின்றது, மீன்கள் நஞ்சூட்டப்படுகின்றன. (நான்கு படிகளையும் ஒழுங்காக எழுதுக. “மீன் இறக்கும்” என்று மட்டும் எழுதினால் விளக்கமாகாது.)
2. மீன்களைத் துரத்தாது எளிதாகப் பிடிக்கலாம். மணலிலுள்ள நச்சுப்பொருள்கள் மீன்கள் உள்ள நீரிற் கலப்பது தவிர்க்கப்படும்.
3. 150 × 35 = 5250 கிராம் = 5.25 கிலோகிராம்.