கேயாஸ் முதலாய ஆதி தெய்வங்கள்

கிரேக்கரின் தெய்வங்களைப் பற்றிப் பேசுவோர் சீயஸ், அப்பாலோ, அத்தீனா முதலிய ஒலிம்பியத் தெய்வங்களையே பெரும்பாலும் எடுத்துக் கூறுவர். அவர்களோ பிற்காலத்துத் தோன்றியவர்கள். அவர்கட்கு முன்னே இருந்த தெய்வங்கள் யாவை? இவ்வினாவுக்கு விடை தரும் பழைய நூல், கி. மு. 700 அளவில் வாழ்ந்த ஹெசியட் என்னும் புலவர் இயற்றிய 'தியோகனி' ஆகும். தேவர் பிறப்பு என்பது அப்பெயரின் பொருள். ஹெலிக்கன் மலையடியில் ஆடு மேய்த்த தமக்குக் கலைத்தெய்வங்களே பாடக் கற்பித்தன என அப்புலவர் நூலின் முகப்பிற் கூறுகின்றார்.

அவர் கூறும் முறை இது: முதலில் தோன்றியது கேயாஸ். அதன்பின் எல்லார்க்கும் நிலைபெற்ற இருப்பிடமாகிய கையா என்னும் நிலமகளும், நிலத்தின் அடியிலுள்ள தார்த்தரஸ் என்னும் பாதாளமும், ஈராஸ் என்னும் காதலும் தோன்றின. கேயாஸினின்று எரபஸ் என்னும் இருளும் நிக்ஸ் என்னும் இரவும் பிறந்தன. இருளும் இரவும் கூடி ஈதர் என்னும் ஒளிவானையும், ஹெமரா என்னும் பகலையும் ஈன்றன. நிலமகளோ துணையின்றித் தானே யுரேனஸ் என்னும் வானையும், மலைகளையும், பொன்டஸ் என்னும் கடலையும் பெற்றாள்.

இனி, கேயாஸ் என்பது யாது? ஆங்கிலம் கற்ற நாம் இச்சொல்லைக் கேட்டவுடன் குழப்பம் எனப் பொருள் கொள்கின்றோம். யானும் முதலில் அவ்வாறே கொண்டு, கிரேக்கர் உலகைக் குழப்பத்திற் பிறந்ததாகக் கருதினர் எனத் துணிந்தேன். அது பிழை. வாய் பிளத்தல் எனப் பொருள்படும் கிரேக்க வினையோடு உறவுடையது இச்சொல் என்பர் மொழிநூலார். ஆகவே, பிளந்து கிடக்கும் வெறும் இடைவெளி என்பதே அதன் பழம் பொருளாம். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்திற் பெயர்த்தோரும், சகரியா 14-ஆம் அதிகாரத்தில், ஒலிவமலை பிளத்தலால் உண்டாகும் பெரும் பள்ளத்தாக்கைக் குறிக்க இச்சொல்லையே வழங்கினர். நிலமும் நீரும் வானும் ஒன்றோடொன்று கலந்து கிடந்த உருவற்ற திரள் என்னும் பொருளை நாம் ரோமப் புலவர் ஆவிட் இயற்றிய 'மெட்டமார்போஸஸ்' என்னும் நூலிற் காண்கின்றோம். அவர் ஹெசியட்டுக்கு ஏறக்குறைய 700 ஆண்டு பிற்பட்டவர்.

இடைவெளி எனக் கொள்ளின் ஹெசியட்டின் குலமுறை நன்கு விளங்குகின்றது. ஒளி புகாத பிளவினின்று இருளும் இரவும் பிறத்தல் இயல்பே. இரவின் பின் பகல் வருதலும் இயல்பே. இரவும் பகலும் ஓரில்லத்தில் வாழினும், ஒருங்கே அதனுள் இருத்தல் இல்லை என்கின்றார் புலவர். ஒன்று உட்புக மற்றொன்று வெளிப்படும். வெண்கல வாயிற்படியில் எதிர்ப்பட்டு முகமன் கூறிப் பிரியும். வானினின்று வீழும் கொல்லன் பட்டடை ஒன்பது நாள் கழிந்து பத்தாம் நாள் நிலத்தை அடையும் என்றும், நிலத்தினின்று தார்த்தரஸை அடைதற்கும் அத்துணை நாளே ஆகும் என்றும் அளவு கூறுகின்றார். இவ்வுலகிற் குழப்பம் யாண்டுளது?

மற்றொன்றும் நோக்கற்பாலது. கேயாஸ் என்றும் 'இருந்தது' என்னாது, 'தோன்றியது' என்றே ஹெசியட் கூறுகின்றார். அதனைத் தோற்றுவித்தார் யாவரென்று அவர் கூறவில்லை. ஆதியாகமத்திலே தேவன் படைப்புக்கு முன்னரே உளர்; ஹெசியட்டின் நூலிலோ தெய்வங்களும் உலகோடு உடன் பிறக்கின்றன. இவ்வேறுபாட்டை உணராது இரண்டனையும் ஒன்றெனக் கொள்வது இரண்டற்கும் இழைக்கும் தவறாகும்.

தமிழ் கற்கும் நமக்கு இஃது அயலான செய்தியன்று. பழந்தமிழ் நூல்களில் 'நாற்றம்' என்னும் சொற்கு இன்றைய பொருளைக் கொள்வோமாயின், மலரின் மணமெல்லாம் கெட்ட வாடையாகிவிடுமன்றோ? பழம்புலவர் சொல்லை அவர் காலத்துப் பொருளிலேயே கேட்டறிதல் கற்பார் கடனாம்.