ஆண்டா, அடி எண்ணா?

அன்புள்ள கயல்,

புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்கள் பற்றிய உன் பருவக் கட்டுரைக்கு எந்த மேற்கோள் முறை என்று கேட்டிருந்தாய். முதலில் நெறியாளரைக் கேள். துறைக்கென்று ஒரு முறை இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. 'உன் விருப்பம்' என்று அவர் சொல்லிவிட்டால் மட்டும் மேலே படி.

உன் தோழிகள் சொல்லும் ஏ.பி.ஏ. முறை உளவியலாருடையது, 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. அதில் ஆசிரியர் பெயரை ஒட்டியே ஆண்டு வரும். சோதனை முடிவுகள் சீக்கிரம் பழசாகும் துறை; எப்போது சொன்னது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. மருத்துவ இதழ்களின் வான்கூவர் முறையில் வெறும் எண்தான். காப்பகங்களில் கிடந்து எழுதும் வரலாற்றுக்காரர்களோ சிகாகோ கையேட்டின் அடிக்குறிப்பை விடமாட்டார்கள். கோப்பு எண், கடிதத் தேதி எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் திணிக்க முடியாதே.

உனக்கு ஆண்டு எதற்கு? 'சாமிநாதையர், 1894' என்பது உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்த ஆண்டு. பாட்டின் வயதை அது சொல்லாது. பக்க எண்ணும் போதாது, சரிபார்ப்பவர் கையில் வேறு பதிப்பு இருக்கலாம். 'புறம். 112' என்று எழுதி அடி எண்ணையும் சேர்த்துவிடு, எந்தப் பதிப்பிலும் தேடி எடுத்துவிடுவார். அதனால் நான் எம்.எல்.ஏ. முறையைத்தான் சொல்வேன் (சட்டமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வகுத்தது). ஏ.பி.ஏ.விலும் பாடல் எண் தரலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆண்டையும் சுமக்க வேண்டும். எந்தப் பதிப்பைப் படித்தாய் என்பதைத் துணைநூற்பட்டியலில் ஒருமுறை சொன்னால் போதும்.

முறை எதுவானாலும் தமிழ்ப் பெயரில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எல்லோருக்கும் குடும்பப்பெயர் உண்டு என்று நம்பி வகுத்த விதிகள் இவை. நமக்கு இருப்பது முன்னெழுத்து. உ.வே.யில் உ ஊர், வே தந்தை. பட்டியலில் 'சாமிநாதையர், உ.வே.' என்றுதான் வரவேண்டும். ஸோடீரோ மென்பொருளில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இயற்பெயரை இடு, மற்றதில் முன்னெழுத்து. இணையத்திலிருந்து விவரங்களை அப்படியே இறக்கினால், தந்தை பெயரை விரித்து எழுதும் ஆசிரியர்கள் பாடு திண்டாட்டம்: மகள் எழுதிய நூல் அப்பா பெயரில் ஏறிவிடும். ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துவிடு.

நூலகத்தில் புத்தகத்தை எடுத்ததுமே தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படமெடுத்துக்கொள். பதிப்பாசிரியர், பதிப்பகம், எத்தனையாவது பதிப்பு, ஆண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். சமர்ப்பிக்கும் நாளன்று அந்தப் புத்தகம் வேறு யார் கையிலாவது இருக்கும்.

அன்புடன்,
சித்தி