பாம்பின் பால் அறிதல்

மாணவர்களே, தமிழ் இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் என்னும் பகுப்பு உயர்திணைக்கே உரியது. அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என்னும் இரண்டே உண்டு. ஆதலின், ‘பாம்பு ஊர்ந்தது’ என்னும் தொடரைக் கொண்டு அஃது ஆணா பெண்ணா என அறிதல் இயலாது. மயிலுள் ஆணைத் தோகை காட்டும்; கோழியுள் சேவலைக் கொண்டை காட்டும். பாம்பின் புறத்தோற்றமோ அத்துணை எளிதில் உண்மையை உணர்த்துவதில்லை.

யான் சிறுவனாய் இருந்தபோது, வயல் வரப்பில் இரு பாம்புகள் தம்முள் முறுக்கிக்கொண்டு எழுந்து நிற்கக் கண்டேன். “சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் பிணைகின்றன” என்றார் என் பாட்டனார். நெடுங்காலம் யானும் அதனையே நம்பியிருந்தேன். சாரையும் நாகமும் வெவ்வேறு இனங்கள் என்பதும், ஒவ்வோர் இனத்திலும் ஆணும் பெண்ணும் உண்டு என்பதும், யான் கண்டவை வலிமை காட்டிப் பொருத இரண்டு ஆண் சாரைகளே என்பதும் பின்னரே எனக்கு விளங்கின.

அங்ஙனமாயின், பாம்பின் பாலை அறிவது எவ்வாறு? அமெரிக்க நாட்டின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் நஞ்சற்ற சோளப்பாம்பை அந்நாட்டார் பலர் இல்லங்களில் வளர்க்கின்றனர். முட்டையினின்று வெளிவரும் அதன் குட்டி ஏறத்தாழ 10 அங்குல நீளமே உடையது. அதன் பாலை அறியாது ஆணையும் பெண்ணையும் ஒரே கூட்டில் வளர்த்தால், உடல் முதிராத பெண் கருவுற்று, முட்டையிட இயலாது உயிர் துறத்தலும் கூடும். ஆதலின் இவ்வறிவு அவர்க்கு இன்றியமையாதது.

அடையாளம் வாலில் உள்ளது. ஆண் பாம்பின் இனப்பெருக்க உறுப்புகள் இரண்டும் கழிவாய்க்குப் பின்னே, வாலின் உள்ளே மடங்கிக் கிடக்கும். அதனால் ஆணின் வால் அடியில் பருத்து நீண்டிருக்கும். பெண்ணின் வால் கழிவாயை அடுத்து விரைவில் ஒடுங்கும். ஆயினும், இளங்குட்டியில் இவ்வேறுபாடு மிக நுண்ணியது. ஆதலின் வல்லுநர், முனை மழுங்கிய மெல்லிய கம்பியைக் கழிவாயினின்று வால்நோக்கி மெல்லச் செலுத்துவர். பெண்ணில் அது சில செதில்களின் அளவில் நின்றுவிடும். ஆணில் அதனினும் ஆழமாகச் செல்லும்.

எளிய செயல்போலத் தோன்றும் இது, பழகாத கைக்கு உரியதன்று. சிறிது மிகுதியாக அழுத்தினும் குட்டியின் மெல்லிய உள்ளுறுப்புக் கிழியும்; அவ்வூறு அதன் வாழ்நாள் முழுதும் நீங்காமற்போதலும் உண்டு. அறிந்த பின்னர் அக்குட்டி நலமாக வாழவேண்டும் என்பதற்காகவே அறிய முற்பட்டோம். அதனை ஊறுபடுத்தி அறிந்து பயன் என்னை? வல்லுநர் அருகில் இல்லையாயின், குட்டிகளைத் தனித்தனியே வைத்து, வளருமளவும் காத்திருத்தலே அறிவுடைமை. சில இனங்களில், பாம்பு உரித்த சட்டையைக் கொண்டே அதன் பாலை அறியும் ஆய்வும் இன்று உண்டு.

நம் நாட்டிலோ, இந்நாட்டுக் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வயலில் பாம்பைக் கண்டால் விலகி நின்று காணுங்கள். ஆய்ந்தறியாமல் ‘இஃது ஆண், இது பெண்’ என உரைக்காதீர்கள். என் பாட்டனாரிடம் யான் கேட்டு நம்பிய பிழை, உங்கள் பேரர்வரை செல்லாதிருக்கட்டும்.